தடயமா, தவறா, வெறும் ஜோக்கா: மாயத் தொடர்களை எப்படி அலசுகிறீர்கள்?

சோபாமூலை கேட்கிறார்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாண்டாவிஷன், த குட் பிளேஸ், பஃபி, டாக்டர் ஹூ, லாஸ்ட் இவற்றைப் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். எல்லா முடிச்சும் அவிழ்க்கப்படும்.

நானும் தம்பியும் வாண்டாவிஷனை மறுபடி முதலிலிருந்து பார்த்து முடித்தோம். மந்திர சக்தியுள்ள வாண்டா ஒரு ஊரையே பழைய சிட்காம் (சிரிப்புத் தொடர்) மாதிரி நடக்க வைக்கும் மார்வல் தொடர் அது. 2021 ஜனவரியில் அது வாராவாரம் வந்துகொண்டிருந்தபோது ஒரு நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தவன் அவன். வில்லன், காமிக்ஸில் வரும் சாத்தான் மெஃபிஸ்டோதான் என்று கடைசி வாரம் வரை சத்தியம் செய்தான். ஆதாரமும் அடுக்கினான். இரண்டாவது எபிசோடில் சாத்தானைப் பற்றி ஊர்க்காரி டாட்டி பேச்சுவாக்கில் ஒன்று சொல்ல, 'அவன் அங்கே மட்டுமா இருக்கிறான்' என்கிற மாதிரி பக்கத்து வீட்டு ஆக்னஸ் முணுமுணுக்கிறாள். அவள் கணவன் ரால்ஃபின் பெயர் ஓயாமல் அடிபடுகிறது, ஆளை மட்டும் காட்டவே இல்லை. இரட்டைக் குழந்தைகளைக் கூடப் பிசாசுக் குட்டிகள் என்று ஒருத்தர் கொஞ்சுகிறார். மார்ச் 5 அன்று ஒன்பதாவது எபிசோடும் முடிந்தது. மெஃபிஸ்டோ வரவே இல்லை. ரால்ஃப் யாரென்று தெரிந்தபோது அது ஒரு அசட்டு ஜோக். 'ஏமாத்திட்டாங்க' என்று அன்றைக்குக் கத்தியவன், மறுபடி பார்த்தபோதும் அதே இடத்தில் கத்தினான்.

எனக்கு உறுத்துவது வேறு. அதே நோட்டின் முதல் பக்கத்தில் 'ஆக்னஸ்தான் அகதா ஹார்க்னஸ்' (காமிக்ஸில் வரும் சூனியக்காரி) என்றும் எழுதியிருக்கிறான். அது அப்படியே பலித்தது. எழுதியது அதே ஆள், பார்த்ததும் அதே கண். ஒன்று நின்றது, மற்றது விழுந்தது. ஏன்?

இதையெல்லாம் நிதானமாக அலசுகிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? ஒரு காட்சியில் ஏதோ இடிக்கிறது என்றால் அது வேண்டுமென்றே வைத்ததா, படப்பிடிப்பில் நேர்ந்த கவனக்குறைவா, சும்மா சிரிக்க வைக்கப் போட்டதா என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? மாயமும் காமெடியும் கலந்த தொடர்களில் எனக்கு இது பிடிபடவே மாட்டேன் என்கிறது.


பழையபெட்டி எழுதுகிறார்:

தம்பியின் நோட்டை வாங்கிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நானும் அந்த ஜாதிதான். காட்டேரி வேட்டைக்காரி பஃபியின் தொடர் ஓடிய காலத்திலிருந்து எபிசோட் குறிப்பு எழுதுகிறேன். நண்பர்கள் நாலு பேருக்கு அனுப்புவேன், அவர்கள் படிக்காமலே 'சூப்பர்' என்பார்கள்.

ஆக்னஸ் விஷயம் நின்றதற்குக் காரணம், அதற்கான ஆதாரம் எல்லாம் தொடருக்குள்ளேயே இருந்ததுதான். ஊர்க்காரர்களின் அடையாளங்களைக் கண்டுபிடித்து எஃப்பிஐ அதிகாரி ஜிம்மி வூ பலகையில் ஒட்டுகிறானே, அங்கே ஆக்னஸுக்கு மட்டும் உண்மையான பெயர் இல்லை. ஐந்தாவது எபிசோடில் வாண்டா சங்கடப்படும் ஒரு தருணத்தில் 'இன்னொரு தடவை சொல்லட்டுமா' என்று நடிகை டைரக்டரிடம் கேட்பதுபோல் கேட்கிறாள். ஊரே வாண்டாவின் பிடியில் மாட்டித் தவிக்கும்போது இவள் மட்டும் அந்த நாடகத்தை அனுபவிக்கிறாள். காமிக்ஸ் பக்கமே போகாத ஒருவர்கூட 'இந்தப் பக்கத்து வீட்டுக்காரி சரியில்லை' என்று சொல்லிவிடலாம். காமிக்ஸ் படித்தவருக்குப் பெயரும் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மெஃபிஸ்டோவுக்கு அந்த அடித்தளம் இல்லை. வாண்டாவின் பிள்ளைகளுக்கும் மெஃபிஸ்டோவுக்கும் முடிச்சுப் போட்டது 1980களின் கடைசியில் வந்த காமிக்ஸ். அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் தொடருக்குள் சாத்தான் என்ற சொல் காதில் விழுந்த இடத்தையெல்லாம் பொறுக்கினார்கள். முடிவு முதலில் வந்துவிட்டது, ஆதாரம் பின்னால் தேடப்பட்டது. நான் ஒரு தியரியைப் படித்தால் முதலில் கேட்பது இதைத்தான்: வெளியே கற்றதை எல்லாம் மறந்துவிட்டு, ஓடிய எபிசோடுகளை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அது ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் அது நிறைவேறாததற்குத் தொடரைத் திட்டக் கூடாது.

ரால்ஃப் விஷயத்தில் தம்பிக்குப் பாதி மார்க் தருவேன். ரால்ஃப் ஒரு தடயம்தான்! பழைய சிட்காம்களில் திரையில் வராத கணவனையோ மனைவியையோ வைத்து ஜோக் அடிப்பது ஒரு வழக்கம். அந்த வழக்கத்தை வாண்டாவிஷன் எடுத்து, 'பெயர் மட்டும் வரும் அந்த ஆள் நிஜத்தில் யார்' என்பதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தது. அகதா ஆட்டுவித்த, வாண்டாவின் சகோதரன் பியெட்ரோவாக வந்து நின்ற அதே இளைஞன்தான் ரால்ஃப். ஆக, முடிச்சுப் போட்டார்கள், அவிழ்த்தும் விட்டார்கள். ஜோக்காகப் போட்ட முடிச்சு ஜோக்காகவே அவிழ்ந்தது. தம்பி அதை நரகத்தின் அதிபதி அளவுக்கு ஊதிவிட்டார். தடயம் உண்டா இல்லையா என்று பார்ப்பதோடு அது எவ்வளவு கனம் தாங்கும் என்றும் பார்க்க வேண்டும். பலர் இரண்டாவதைப் பார்ப்பதில்லை.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். வேண்டுமென்று வைத்ததா, கவனக்குறைவா? இதற்கு நான் எப்போதும் காட்டுவது, காலத்தில் பயணம் செய்யும் டாக்டரின் கதையான டாக்டர் ஹூவில் வரும் அந்தக் கோட்டுதான்.

2010 மே 1 அன்று வந்த 'ஃப்ளெஷ் அண்ட் ஸ்டோன்'. கல் தேவதைகள் டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் கோட்டைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கிறார். அதற்குப் பிறகு சட்டையோடுதான் ஓடுகிறார். அவரோடு பயணிக்கும் ஏமி கண்ணைத் திறக்க முடியாமல் காட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் பேசிவிட்டு டாக்டர் போகிறார். போனவர் சட்டென்று திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து, என்னை நம்பு என்கிறார். நீ ஏழு வயதாக இருந்தபோது நான் சொன்னதை நினைவில் வை என்கிறார். இப்போது அவர் உடம்பில் கோட்டு இருக்கிறது.

அன்றைக்கு இரண்டு கட்சி. ஒரு கட்சி 'கன்டினியூட்டி (காட்சிக்குக் காட்சி பொருந்துவது) கோட்டைவிட்டார்கள்' என்று சிரித்தது. இன்னொரு கட்சி 'இவர் வேறொரு காலத்திலிருந்து வந்த டாக்டர்' என்றது. ஜூன் 26இல் வந்த 'த பிக் பேங்' இரண்டாவது கட்சிதான் சரி என்று காட்டியது. காலத்தில் பின்னோக்கி நழுவும் டாக்டர் அந்தக் காட்டுக்குள் வந்து அவளிடம் பேசிவிட்டுப் போகிறார்.

இரண்டாவது கட்சிக்காரர்கள் ஜோசியம் பார்க்கவில்லை. அவர்கள் கோட்டோடு நின்றுவிடாமல் அந்தக் காட்சியின் மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒரு நிமிஷத்துக்கு முன் விறைப்பாகப் பேசிக்கொண்டிருந்த ஆளின் குரல் இங்கே உடைகிறது. கேமரா முகத்துக்கு மிக அருகில் வருகிறது. அவர் குறிப்பிடும் அந்த ஏழு வயதுப் பேச்சு என்ன என்று நமக்கு அதுவரை யாரும் காட்டவே இல்லை. உடை, நடிப்பு, வசனம், கேமரா நான்கும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்கின்றன. கவனக்குறைவு அப்படிக் கூட்டணி வைத்துக்கொண்டு வராது, அது எப்போதும் தனியாகத்தான் வரும். என்னிடம் இருக்கும் ஒரே சூத்திரம் இதுதான், இதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

இன்னொரு உதாரணம், எனக்கு மிகவும் பிடித்தது. பஃபியின் மூன்றாவது சீசன் கடைசி எபிசோடில் ஒரு கனவு. அதில் இன்னொரு வேட்டைக்காரியான ஃபெய்த், ஒரு குழந்தைப் பாட்டுச் சிறுமியின் பெயரைச் சொல்லி, அவள் 7-3-0 இலிருந்து கீழே எண்ணுகிறாள் என்கிறாள். அப்போது அது கனவுப் பிதற்றல். நான்காவது சீசனில் இன்னொரு கனவில் ஃபெய்த், குட்டித் தங்கை வரப்போகிறாள் என்கிறாள். பஃபிக்கோ தங்கையே கிடையாது. அந்த சீசனின் கடைசி எபிசோட் முழுக்கக் கனவு. அதில் கடிகாரம் 7:30 காட்டுகிறது. அந்தக் கடிகாரம் தப்பு என்றும் ஒரு வசனம் வருகிறது. 2000 செப்டம்பரில் ஐந்தாவது சீசன் தொடங்கியதும் டான் என்ற தங்கை, பிறந்ததிலிருந்தே அந்த வீட்டில் இருப்பவள்போல் வந்து நிற்கிறாள். 2001 மே 22 அன்று பஃபி சாகிறாள். 730 நாள் என்றால் இரண்டு வருஷம். எண்ணிப் பாருங்கள்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. அந்த மூன்றாவது சீசன் முடிவு 1999 மே 25 அன்று வர வேண்டியது. அந்த ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் ஆயுதத்தோடு நிற்கும் எபிசோட் என்பதால் அமெரிக்காவில் அதை ஜூலை 13க்குத் தள்ளிவிட்டார்கள். ஒளிபரப்பான தேதியை வைத்து எண்ணியவருக்குக் கணக்கு இடிக்கும், முதலில் குறித்த தேதியை வைத்து எண்ணியவருக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும். கதைக்குள் இருக்கும் ஆதாரத்தைப் புரிந்துகொள்ளவே சில சமயம் கதைக்கு வெளியே நடந்தது தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம், ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.


எடிட்மேஜை எழுதுகிறார்:

தொலைக்காட்சித் தொடர்களுக்கு எடிட்டிங் செய்கிறவன். கவனக்குறைவு தனியாகத்தான் வரும் என்று பழையபெட்டி சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். அது ஏன் தனியாக வருகிறது என்று எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு காட்சியை நீங்கள் பார்க்கும் வரிசையில் நாங்கள் எடுப்பதில்லை. முதலில் அகலமாக எல்லாரையும் சேர்த்து, பிறகு ஒவ்வொரு முகமாக, ஒவ்வொன்றும் பல டேக். எடிட்டிங்கில் உட்காரும்போது நடிப்பு எதில் நன்றாக இருக்கிறதோ அதைத்தான் எடுப்பேன். அந்த டேக்கில் கோப்பை இடது கையில் இருக்கும், முந்தைய ஷாட்டில் வலது கையில் இருக்கும். தெரிந்தேதான் விடுகிறோம். கண்ணில் நீர் கோர்க்கும் ஒரு டேக்கைக் கோப்பைக்காகத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது. அதனால் கையில் இருக்கும் பொருள், தலைமுடி, மெழுகுவர்த்தியின் உயரம், தட்டில் இருக்கும் சாப்பாட்டின் அளவு, இவை மாறினால் தியரி எழுத உட்காராதீர்கள். ஒரு காட்சிக்கு நடுவே முழு உடையே மாறினால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். அதைக் கவனிக்க என்றே செட்டில் ஆள் உண்டு.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் காபிக் கோப்பை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2019 மே 5, எட்டாவது சீசனின் நான்காவது எபிசோட். விருந்துக் காட்சியில் டெனேரிஸ் முன்னால் ஒரு காகிதக் கோப்பை. அதைச் சுற்றி எந்த நடிப்பும் இல்லை, எந்த வசனமும் அதைத் தொடவில்லை, கேமராவும் அதைத் தேடிப் போகவில்லை. சேனலே அதைக் கிண்டலடித்து ஒரு அறிக்கை விட்டு, ஓரிரு நாளில் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டது.

இதைவிட விவகாரமானது, விமானம் நொறுங்கி ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான லாஸ்ட். 2010 மே 23, கடைசி எபிசோட். கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது கடற்கரையில் விமானத்தின் உடைந்த பாகங்களை ஆள் நடமாட்டம் இல்லாமல் காட்டினார்கள். 'அப்படியென்றால் முதல் நாளே எல்லாரும் செத்துவிட்டார்கள், தீவு முழுக்கப் பொய்' என்று ஒரு பெரிய கூட்டம் முடிவுகட்டியது. அந்தப் படங்களைச் சேர்த்தது சேனல்தான், அது கதையின் பகுதி இல்லை என்று ஏபிசி அப்புறம் விளக்கம் கொடுத்தது. அவ்வளவு உணர்ச்சிகரமான முடிவிலிருந்து பட்டென்று செய்திக்குத் தாவ வேண்டாம், நடுவில் கொஞ்சம் அமைதி இருக்கட்டும் என்று போட்டார்களாம். தீவில் நடந்ததெல்லாம் நிஜமாகவே நடந்தது என்று அதே எபிசோடில் நாயகன் ஜாக்கின் அப்பா வாயாலேயே சொல்லவைத்திருக்கிறார்கள். வசனம் ஒரு பக்கம், சேனல் ஒட்டிய வால் ஒரு பக்கம். மக்கள் வாலை நம்பினார்கள்.

நடிகர் மாறுவதையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். பிவிச்டு தொடரில் சூனியக்காரியின் கணவன் டாரினாக டிக் யார்க் நடித்தார். முதுகு வலியால் அவர் விலக, 1969இல் டிக் சார்ஜென்ட் வந்தார். தொடருக்குள் ஒருவர்கூட அதைக் கண்டுகொள்ளவில்லை. மாமியார் கையைச் சொடுக்கினால் கழுதையாகவே மாறும் வீட்டில், முகம் மாறியதற்கு ஒரு மந்திரக் காரணம் சொல்வது எவ்வளவு சுலபம். ஆனாலும் சொல்லவில்லை. ரசிகர்கள் இன்றைக்கும் அதற்குக் காரணம் கற்பித்து விளையாடுகிறார்கள். ரசமான விளையாட்டுதான், அதைக் கதையின் உண்மை என்று சாதிக்காதவரை.


சிரிச்சாபோதும் எழுதுகிறார்:

எல்லாம் சரி, காமெடியை ஏன் சார் மேஜையில் கிடத்தி அறுக்கிறீர்கள்? அரை மணி நேரம் சிரித்துவிட்டுத் தூங்கப் போகிற வழியைப் பார்ப்போமா, 'இந்த ஜோக்குக்கு ஏழாவது எபிசோடில் அர்த்தம் இருக்கு' என்று காத்துக்கொண்டிருப்போமா? லாஸ்ட் மாதிரி புதிர்த் தொடரைத் துருவுங்கள், ஞாயம். 4, 8, 15, 16, 23, 42 என்று எண்ணை நீட்டி, கூட்டினால் 108, அந்தப் பொத்தானையும் 108 நிமிஷத்துக்கு ஒரு முறை அழுத்த வேண்டும் என்று வைத்தவர்கள், துருவு என்றுதான் கூப்பிடுகிறார்கள். காமெடி எழுதுகிறவர் அப்படிக் கூப்பிடவில்லை. அவருக்கு வேண்டியது சிரிப்பு.


சோபாமூலை எழுதுகிறார்:

பழையபெட்டி, எடிட்மேஜை, இருவருக்கும் நன்றி. கோட்டுக் காட்சியைத் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். 'இதைத்தானே நானும் செய்தேன்' என்கிறான். திருந்த மாட்டான்.

ஆனால் சிரிச்சாபோதும் கேட்டதுதான் என் கேள்வியின் கடைசிப் பகுதியும். செத்த பிறகு சொர்க்கத்துக்கு வந்துவிட்டதாக நாலு பேர் நம்பும் காமெடியான த குட் பிளேஸ் பார்த்தேன். முதல் சீசன் முடிவில் அது சொர்க்கமே இல்லை, நரகம் என்று தெரிந்தபோது தூக்கிவாரிப் போட்டது. பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் கண்முன்னேதான் இருந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் சிரித்திருக்கிறேன். காமெடியில் ஒரு விஷயம் இடித்தால் 'காமெடிதானே' என்று மூளை விட்டுவிடுகிறது. கேமராவோ குரலோ அங்கே மாறுவதும் இல்லை. அங்கே எதைப் பிடித்துக்கொள்வது?


பழையபெட்டி எழுதுகிறார்:

சிரிச்சாபோதுமுக்கு முதலில். முதல் தடவை பார்க்கும்போது நானும் துருவ மாட்டேன், துருவினால் சிரிப்பு வராது. இரண்டாவது தடவைதான் நோட்டை எடுப்பேன். ஒரு நல்ல காமெடி இரண்டாவது தடவையும் சிரிக்க வைக்கும், ஆனால் வேறு இடத்தில். அந்த இடம் எது என்று பார்ப்பதைத்தான் நான் அலசல் என்கிறேன்.

சோபாமூலை, நீங்கள் சொன்னது சரி, நான்கும் ஒரே பக்கம் சாய்வதைத் தேடும் வேலை காமெடியில் ஓடாது. அங்கே ஜோக்கே திரை. பார்வையாளர் சிரித்துவிட்டால் கேள்வி கேட்க மாட்டார் என்று எழுதுகிறவருக்குத் தெரியும். அதனால் காமெடியில் நான் கேட்பது வேறு கேள்வி: இந்த ஜோக்கில் அடி வாங்குவது யார்?

த குட் பிளேஸை இப்படிப் பாருங்கள். சிடி என்பவர் முடிவே எடுக்கத் தெரியாத ஒழுக்கவியல் பேராசிரியர். அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவள், தவறுதலாக உள்ளே வந்ததாக நம்பி, அதை மறைக்கும் எலனோர். காப்பாற்றுவதா, காட்டிக்கொடுப்பதா என்று அவருக்கு நித்தம் வயிற்றுவலி. தஹானிக்கு யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தவரோ வாய் திறக்காத துறவி. அந்தத் துறவி உண்மையில் ஜேசன், சத்தமும் கூத்தும் இல்லாமல் இருக்கத் தெரியாத டிஜே. அவன் வாயை மூடியே இருக்க வேண்டும். எலனோருக்குக் கோமாளிப் படங்கள் மாட்டிய வீடு, ஜன்னலைத் திறந்தால் தஹானியின் மாளிகை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல சிட்காம் ஜோக். சேர்த்து வைத்துப் பாருங்கள். அடி விழுவது எப்போதும் அந்த நான்கு பேர் மேல்தான், ஒவ்வொருவருக்கும் எங்கே வலிக்குமோ சரியாக அங்கேதான். சொர்க்கத்தில் ஜோக்குகள் இவ்வளவு குறி பார்த்து விழுவானேன்? தெருவெல்லாம் ஃப்ரோசன் யோகர்ட் கடை. ஐஸ்கிரீம் கொடுக்க மாட்டார்களாமா?

எனக்கு அதில் மிகவும் பிடித்தது, அந்த முடிச்சை அவிழ்ப்பதே எலனோர் என்பது. 2017 ஜனவரி 19 அன்று வந்த பதின்மூன்றாவது எபிசோட். நாலு பேரும் கூச்சலிட்டுச் சண்டை போடும்போது அவள் பின்னால் சாய்ந்து, நடந்ததையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள். நாம் ஒருவரையொருவர் வதைத்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்று கோக்கிறாள். ரசிகர் ஒருவர் நோட்டு வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதை ஒரு பாத்திரம் கதைக்குள் உட்கார்ந்து செய்கிறது. அவள் கையில் இருந்த தகவல் அத்தனையும் நம் கையிலும் இருந்தது. அதனால்தான் அங்கே யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தவில்லை. நடிகர்களிலேயே டெட் டான்ஸனுக்கும் கிறிஸ்டன் பெல்லுக்கும் மட்டும்தான் அது முன்கூட்டித் தெரியுமாம். அது தெரிந்து மறுபடி பார்த்தால் அந்தச் சொர்க்கத்தைக் கட்டியவராக வரும் மைக்கேல் பதறுகிற ஒவ்வொரு இடத்திலும் டான்ஸன் இரண்டு ஆளாக நடிப்பது தெரிகிறது. பதறும் தேவதையாகவும், பதறுவதாக நடித்து ரசிக்கும் பிசாசாகவும். நான் இரண்டாவது தடவை சிரித்தது அங்கேதான்.

அடுத்தது வாட் வி டூ இன் த ஷேடோஸ், 2019இல் தொடங்கிய தொடர். ரத்தக்காட்டேரிகளின் வீட்டில் எடுபிடி வேலை பார்க்கும் கியர்மோவுக்கு ஒரே ஆசை, தானும் காட்டேரியாக வேண்டும். முதல் சீசனில் ஊர்சுற்றிவிட்டு வந்த கிழட்டு பரோன் எதிரே இவன் கதவைத் திறக்கிறான், வெயில் உள்ளே பாய்கிறது, பரோன் கருகிப் போகிறார். அருமையான அசட்டு விபத்து. அதே சீசனின் கடைசியில் மரபணுச் சோதனை முடிவு வருகிறது: கியர்மோ, காட்டேரி வேட்டைக்காரர் வான் ஹெல்சிங்கின் வம்சம். விபத்தாகப் பார்த்தது ரத்தத்திலேயே ஊறிய கைராசி. இங்கேயும் அதே கேள்வி உதவுகிறது. சாதாரணமாக எடுபிடி வேலைக்காரன் ஜோக்கில் அடி வாங்குவது எடுபிடிதான். இதில் மட்டும் எஜமானர்கள் பக்கம் அடி விழுந்தது.

ஆனால் எல்லா ஜோக்கையும் இப்படிப் பிழியக் கூடாது. கண்ணாடியில் தெரியாத காட்டேரி, கேமராவில் மட்டும் எப்படித் தெரிகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கேமராவில் தெரியாவிட்டால் தொடரே கிடையாது ஐயா. அதைக் கேட்காமல் விடுவதாக நமக்கும் அவர்களுக்கும் ஒரு எழுதாத ஒப்பந்தம்.


நள்ளிரவுரசிகை எழுதுகிறார்:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். படைத்தவர்களும் நடிகர்களும் பேட்டியில் சொல்வதையும் ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வாண்டாவிஷன் ஓடும்போது, வாண்டாவின் கணவன் விஷனாக நடித்த பால் பெட்டனி, தான் வாழ்நாளெல்லாம் சேர்ந்து நடிக்க ஏங்கிய ஒரு நடிகரோடு இதில் நடித்திருப்பதாகச் சொன்னார். பெரிய பெரிய பெயர்களையெல்லாம் வைத்துப் பட்டியல் போட்டார்கள். கடைசியில் பார்த்தால் அவர் சொன்னது அவரையேதான், விஷனும் வெள்ளை விஷனும் மோதும் காட்சி. பொய் சொல்லவில்லை பாருங்கள்! பியெட்ரோவாக நடிகர் ஈவன் பீட்டர்ஸைப் போட்டதும் அதே வகை. எக்ஸ்மென் படங்களில் அதே வேடத்தில் நடித்தவர் என்பதால் இரண்டு உலகமும் இணையப்போகிறது என்று எழுதித் தள்ளினோம். நடிகர் தேர்வை வைத்தே நம்மைச் சீண்டியிருக்கிறார்கள்.


சோபாமூலை எழுதுகிறார்:

தம்பிக்கு இதை வாசித்துக் காட்டினேன். நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்திருக்கிறான்: திரையில் பார்த்தது, படப்பிடிப்பில் நடந்தது, வெளியே கேட்டது. மெஃபிஸ்டோவை மூன்றாவது பத்திக்கு மாற்ற மட்டும் மறுக்கிறான். அடுத்து பஃபி ஆரம்பிக்கப் போகிறோம். முதலிலிருந்து வரிசையாகவே பார்க்கட்டுமா? வேறு ஏதாவது கவனிக்க வேண்டியது உண்டா?


பழையபெட்டி எழுதுகிறார்:

வரிசையாகவே பாருங்கள். முதல் சீசன் கொஞ்சம் சொதப்பும், ரப்பர் பூதம் எல்லாம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறிமுகப் பாட்டைத் தாண்டிக் குதிக்கும் பொத்தானைத் தம்பி கையில் கொடுக்காதீர்கள். நான்காவது சீசனில் 'சூப்பர்ஸ்டார்' என்று ஒரு எபிசோட். அதுவரை ஓரமாக நின்ற ஜொனாதன் திடீரென்று ஊருக்கே நாயகனாக இருப்பான், யாருக்கும் அது விசித்திரமாகவே படாது. அவன் போட்ட மந்திரம் கதையோடு நிற்காமல் அறிமுகப் பாட்டுக்குள்ளும் புகுந்திருக்கும், அதிலும் அவன் வந்து வந்து போவான். அடுத்த சீசனில் தங்கை டான் வந்து நிற்கும்போது, யாரும் ஆச்சரியப்படாத அந்த எபிசோடைத் தம்பி தானாகவே நினைத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம்.